மரக்குடிசைக்கு விழுந்த ஓட்டு



1840 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நூற்றுக்கு எண்பது பேர் ஓட்டுப் போட்டார்கள், மக்களுக்கு அவ்வளவு அரசியல் விழிப்பு இருந்தது என்று மெச்சிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எண் சரிதான். ஓட்டுரிமை பெற்றவர்களில் எண்பது பேர். பெண்களுக்கும், அடிமைகளாக இருந்த சுமார் 25 லட்சம் பேருக்கும் அது கிடையாது. அதை விடுங்கள். போட்டவர்கள் எதைப் பார்த்துப் போட்டார்கள்? அதைக் கேட்காமல் சதவீதத்தை மட்டும் புகழ்வது, விடைத்தாளைப் படிக்காமல் பக்கங்களை எண்ணி மார்க் போடுவது போல.

விக் கட்சி (தலையில் வைக்கும் விக் இல்லை, பிள்ளைகளே!) ஜெனரல் வில்லியம் ஹென்றி ஹாரிசனை நிறுத்தியது. எதிரே அப்போதைய ஜனாதிபதி மார்ட்டின் வேன் ப்யூரன், ஜனநாயகக் கட்சி. அந்தக் கட்சிப் பத்திரிகை ஒன்று, ஒரு பீப்பாய் சைடரும் பென்ஷனும் கொடுத்தால் ஹாரிசன் மரக்குடிசையிலேயே கிடப்பார் என்ற பொருளில் கேலி எழுதியது. சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்த மது.

விக் கட்சிக்காரர்கள் விடுவார்களா? எங்கள் ஆள் ஏழைப் பங்காளன் என்று அந்தக் கேலியையே கொடியாக்கினார்கள். ஊருக்கு ஊர் மரக்குடிசை எழும்பியது. இலவச சைடர் ஓடியது. ஆளுயரத்தை மிஞ்சிய உருண்டைகளில் கோஷம் எழுதி ஊர் விட்டு ஊர் உருட்டிப் போனார்கள். பாட்டு, ஊர்வலம், தீப்பந்தம்!

உண்மை என்ன? ஹாரிசன் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பெரும் பண்ணை மாளிகையில். அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். யாரை ராஜபோகக்காரர் என்று சார்லஸ் ஓகிள் பிரதிநிதிகள் சபையில் நாள் கணக்காகத் திட்டினாரோ, அந்த வேன் ப்யூரன் சத்திரம் நடத்தியவரின் மகன்! யார் மாளிகையில் பிறந்தார், யார் சத்திரத்தில் வளர்ந்தார் என்று ஒருவரும் சரிபார்க்கவில்லையா?

1837 பொருளாதாரச் சரிவில் வேலை போய், வங்கிகள் மூடி, மக்கள் தவித்தது நிஜம். ஆளுங்கட்சி மேல் கோபம் நியாயம். அந்தக் கோபத்துக்காகத்தான் கேட்கிறேன்: நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று விக் கட்சியைக் கேட்டிருக்க வேண்டாமா? கட்சி மாநாடு கொள்கை அறிக்கை என்று ஒரு தாள்கூட வெளியிடவில்லை. கேட்கத்தான் ஆளில்லை, எல்லோரும் உருண்டை உருட்டப் போய்விட்டார்கள்.

ஹாரிசன் 234, வேன் ப்யூரன் 60. இது தேர்வாளர் ஓட்டு. மக்கள் ஓட்டில் வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

1841 மார்ச் 4 பதவியேற்ற ஹாரிசன் ஏப்ரல் 4 அன்று காலமானார். துணை ஜனாதிபதி ஜான் டைலர் நாற்காலிக்கு வந்தார். ஹாரிசன் 1811இல் போரிட்ட டிப்பகனூவோடு டைலர் பெயரையும் சேர்த்துத்தான் கோஷம் கட்டியிருந்தார்கள். மோனையும் இயைபும் அருமையாகப் பொருந்தின, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விக் கட்சித் தலைவர்களுக்கு தேசிய வங்கி வேண்டும். டைலரோ அதற்கு நெடுநாள் எதிரி. வங்கி மசோதாவை இரண்டு முறை ரத்து செய்தார். டேனியல் வெப்ஸ்டர் தவிர எல்லா அமைச்சர்களும் விலகினார்கள். செப்டம்பரில் சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது. ஓராண்டுக்கு முன் வீதி வீதியாகப் பாடிய பெயர் அது!

மறுப்பு இருந்தால் கமெண்ட்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்த எண்பதை மட்டும் மறுபடி கொண்டு வராதீர்கள்.