எண்ணெய் இறைக்கும் பம்பியைத் தெரிந்தெடுத்தல்

மோட்டார்க் கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் அதன் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து அழகு பார்ப்பதிற் காட்டும் அக்கறையை, அதன் உள்ளே ஓடும் எண்ணெயிற் காட்டுவது அரிது. உடலுக்கு இரத்தம் எப்படியோ, எஞ்சினுக்கு எண்ணெய் அப்படி. உராய்வைத் தணிப்பதும், சூட்டைச் சுமந்து செல்வதும், கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும் அதன் தொழில்களாம். ஏந்திய அழுக்கு மிகும்போது அதனை மாற்றியே தீரவேண்டும். காரோடு வந்த கைநூல் 5,000 கிலோமீற்றர் என்றோ, ஆறு மாதம் என்றோ எத்தவணையைக் குறித்திருப்பினும் அதனைத் தவறவிடுதல் ஆகாது.

இவ்வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர் பலர். விருப்பம் நல்லதே. ஆனால் வழமையான முறையிலே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றுவதற்காகக் காரை ஜக்கினால் உயர்த்திவிட்டு, அதன் கீழே படுத்துக்கொள்கிறார்கள். காரோடு தரப்படும் ஜக், சில்லு மாற்றுவதற்காக அமைந்த கருவி. கீழே ஒருவர் படுத்திருக்க, காரைத் தாங்கி நிற்பதற்காக அமைந்ததன்று. மணல் முற்றத்திலே அது சற்றுச் சரிந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த ஆபத்தை விலக்க உதவுவதே வெற்றிடப் பம்பி. எண்ணெயின் அளவு பார்க்கும் கோலை உருவிவிட்டு, அக்கோல் இருந்த துளை வழியே மெல்லிய குழாயொன்றை இறக்கி, பழைய எண்ணெயை மேலிருந்தே இறைத்துவிடலாம். அடிப்பக்கத்திற் கை எட்டாத படகு எஞ்சின்களுக்கும் இம்முறை கைகொடுக்கிறது.

இனி, எந்தப் பம்பியை வாங்குவது? "வலு மிகுந்த பம்பி" என்று விற்பவர் புகழ்வதை முதற்கண் ஒதுக்கிவிடலாம். உண்மையில் பம்பி எண்ணெயை இழுப்பதில்லை. பாத்திரத்திலுள்ள வளியை அது அகற்றுகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் எண்ணெயை அவ்வெற்றிடத்தினுள்ளே தள்ளுகிறது. ஜேர்மனியின் மக்டபேர்க் நகரத் தலைவராயிருந்த ஓட்டோ வொன் கெரிக்கே என்பவர் 1650ஆம் ஆண்டளவிலே வெற்றிடப் பம்பியை அமைத்த காலந்தொட்டு இன்றுவரை இவ்விதி மாறவில்லை. கடல் மட்டத்திலே வளிமண்டல அமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம். எத்துணை விலை கொடுத்து வாங்கிய பம்பியாயினும் அதற்கு மேற்பட்ட தள்ளுவிசையைப் பெற்றுத்தர இயலாது. கையால் அடிக்கும் எளிய பம்பியே இதிற் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

ஆகவே, எண்ணெய் விரைந்து வருவது பம்பியைக் காட்டிலும் குழாயையே பொறுத்ததாகும். திரவங்கள் சிறு குழாய்களில் ஓடும் வகையை ஆராய்ந்த புவாசேய் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1840களில் வெளியிட்ட விதிப்படி, குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 6 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் ஐந்து நிமிடத்தில் வரும் எண்ணெய், அதே நீளமும் 4 மில்லிமீற்றர் உள்விட்டமும் உள்ள குழாயில் வருவதற்கு இருபத்தைந்து நிமிடமாகும். கோல் செல்லும் துளையிலே தடையின்றி நுழையக்கூடிய குழாய்களுள் அகலமானதே நல்லது. எனவே, கடைக்குப் புறப்படுமுன் அத்துளையின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குழாய், சூடான எண்ணெயில் இளகிச் சப்பையாகாததாகவும் இருத்தல் வேண்டும். சில புதிய கார்களில் அளவுக் கோலே இல்லை. வேறு சிலவற்றில் அத்துளை வழியே குழாய் அடித்தட்டுவரை செல்வதில்லை. அத்தகைய கார் உடையோர் இப்பம்பியை வாங்கிப் பயனில்லை.

கடைகளிற் கிடைப்பவை பெரும்பாலும் இருவகை. ஒன்று, காரின் 12 வோல்ற் பற்றரியில் இயங்கும் சிறு மின் பம்பி. இதிலே எண்ணெய் பம்பியின் உள்ளே புகுந்தே வெளியேறுகிறது. எண்ணெய் தடித்திருந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். இதனைக்கொண்டு பெற்றோலை இறைக்க ஒருபோதும் துணியாதீர்கள். மின்பொறியும் பெற்றோல் ஆவியும் சேர்ந்தால் தீ விபத்துத்தான். மற்றையது, மூடிய கலத்தின் மேலே கைப்பம்பி பொருத்தப்பட்டது. இதிலே எண்ணெய் நேரே கலத்தை அடைகிறது. பம்பியினூடு செல்வது வளி மாத்திரமே. அதனால் உள்ளேயுள்ள வளையங்கள் எளிதிற் கெடுவதில்லை. வீட்டுக்கு உகந்தது இவ்விரண்டாவது வகையே.

கலத்தின் கொள்ளளவையும் கவனித்தல் வேண்டும். சிறிய கார்களின் எஞ்சின் பெரும்பாலும் 3 முதல் 4 லீற்றர் எண்ணெய் கொள்ளும். அதற்கு 6 லீற்றர்க் கலம் போதும். கலத்தின் பக்கத்திலே அளவுக் கோடுகள் இருத்தல் அவசியம். கைநூல் 3.5 லீற்றர் என்று கூற, கலத்தில் 2.5 லீற்றரே வந்திருப்பின், ஒரு லீற்றர் பழைய எண்ணெய் இன்னும் உள்ளே கிடக்கக்கூடும் என்று அறியலாம். அதை அறியாது முழு அளவு புதிய எண்ணெயை ஊற்றினால் அளவு மிஞ்சி எஞ்சினுக்குக் கேடு விளையும். எவ்வாறாயினும், ஊற்றிய பின் கோலைத் தோய்த்து அளவை மீண்டும் சரிபாருங்கள்.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். குழாயின் வாயை விரலால் இறுக மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து முறை பம்பியை அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து விரலை எடுக்கும்போது வளி ஓசையோடு உட்புகுந்தால் பம்பி நல்லது. ஓசை எழாவிடின் எங்கோ கசிவிருக்கிறது, அதை வாங்காதீர்கள்.

இறைப்பதற்கு முன் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி, நிறுத்தி, சற்று ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் நெகிழ்ந்து எளிதில் வரும். கொதிநிலையிலே கையைச் சுடும். பழைய எண்ணெய் தோலுக்குத் தீங்கானது. நாட்பட்ட பழக்கத்தாற் புற்றுநோயும் உண்டாகலாம். ஆதலின் கையுறை அணிந்தே தொடுங்கள்.

பம்பியால் ஆகாத காரியங்களும் உண்டு. அடித்தட்டில் உறைந்த கசடு மேல்வழியாக முற்றாக வருவதில்லை. எண்ணெய் வடிகட்டி எஞ்சினின் கீழ்ப்புறத்தில் இருக்குமாயின், அதைக் கழற்ற எப்படியும் காரின் கீழே செல்லவேண்டும். வடிகட்டி மேலிருந்து கைக்கெட்டுவதாயின் பம்பி முழுப் பயன் தரும். எட்டாவிடின், ஜக்கை நம்பிக் கீழே புகாது, சேவிஸ் நிலையத்துக்குச் செல்வதே விவேகம்.

இறுதியாக, இறைத்த எண்ணெயை என்செய்வது? வேலியோரம் ஊற்றுவோரும், கறையானுக்கென்று தூண்களிற் பூசுவோரும் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகளினூடே கிணற்றை அடையத் தடையேதுமில்லை. சுன்னாகத்திலே மின்னிலையத்து எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. ஒரு வீட்டின் 3 லீற்றர் சிறிதெனத் தோன்றலாம். வீட்டுக்கு வீடு ஊற்றினாற் சிறிதாகுமோ? பம்பியின் கலம் இறுக மூடக்கூடியதாயிருத்தல் வேண்டுமென்பதும் இதற்காகவே. சிந்தாமற் கொண்டுபோய், பழைய எண்ணெயைச் சேர்க்கும் சேவிஸ் நிலையத்திலே ஒப்படைத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே தேவைப்படும் கருவி இது. ஒரே ஒழுங்கையிலுள்ள மூன்று குடும்பத்தினர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவிலே வைத்துக்கொள்ளலாம். செலவும் குறையும், குடும்பத் தலைவர் காரின் கீழே படுத்திருக்க, வீட்டார் நெஞ்சு பதைத்து நிற்கும் நிலையும் நீங்கும்.