பழைய ஏசிக்கு இன்னொரு கோடையா?

வருஷா வருஷம் சித்திரையில் மெக்கானிக் வந்து ‘கேஸ் கம்மியா இருக்கு சார்’ என்று நிரப்பிவிட்டுப் போனால் அது பராமரிப்பே அல்ல. கேஸ் ஒன்றும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சமாச்சாரம் கிடையாது. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கெபாசிட்டர் போனாலோ ஃபேன் மோட்டார் நின்றாலோ மாற்றிவிட்டுத் தாராளமாக ஓட்டலாம். பத்து வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் தூக்கிப்போடச் சொல்கிற கடைக்காரரை நான் நம்புவதில்லை. ஆனால் பெசன்ட் நகர் உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் காயில் பச்சை பூத்து, விரல் பட்டாலே தகடு உதிர்கிறதா? அதுவும் ஆர்-22 கேஸா? மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030இல் இந்தியாவில் அநேகமாக நின்றுவிடப்போகிற கேஸ் அது. இனி செலவழிப்பது வீண். இரவெல்லாம் ஓடுகிற பெட்ரூமுக்கு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் வாங்குங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு மூன்றே போதும்.