சான்றிதழ் இருந்தால் சம்பளம் எவ்வளவு?



அண்மையில் எமது காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். பேர் வெட்டிய பிரச்சினையோ, சேமலாப நிதிப் பிரச்சினையோ அல்ல. கையில் ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார். கணினிப் பயிற்சி நிலையம் ஒன்று அடித்தது. ஆறு மாதப் படிப்பு, முடித்தால் நெட்வேர்க் வேலை, ஆரம்பச் சம்பளம் மாதம் ஒன்றரை இலட்சம் என்று அதில் போட்டிருந்தது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகனுக்காகத் தோட்டை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டார். இரண்டாம் தவணைக்கு நுண்கடன் எடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்தார்.

"ஒன்றரை இலட்சம் வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் அடைத்துவிடலாம்தானே தலைவரே?" என்று கேட்டார்.

அவருக்கு நாம் சொன்ன பதிலை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். இதே துண்டுப்பிரசுரம் இன்று பல லயங்களில் இருக்கிறது. அதை நம்பிக் கடன் வாங்குபவர்கள் எமது அங்கத்தவர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் கணினி படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நெட்வேர்க்கிங் எனப்படும் கணினி வலையமைப்பு நல்ல தொழில். வங்கி, ஆஸ்பத்திரி, ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல் எங்கேயும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கவும், இணைப்பு அறுந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் ஆள் வேண்டும். கேபிள் இழுப்பதிலிருந்து ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகளை அமைப்பது வரை அந்த வேலையில் அடங்கும். கைத்திறனும் பொறுமையும் உள்ள பிள்ளை அதில் முன்னுக்கு வரலாம். நாம் பேச வருவது சம்பள எதிர்பார்ப்பைப் பற்றியும் அதை நம்பி எடுக்கும் கடனைப் பற்றியும்தான்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது சீ.சீ.என்.ஏ. சான்றிதழ். சிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பனி அதை வழங்குகிறது. இங்கேதான் முதல் ஏமாற்றம் நடக்கிறது. பயிற்சி நிலையம் கொடுக்கும் "பாடநெறியை முடித்தார்" என்ற தாள் வேறு, சிஸ்கோவின் பரீட்சையில் சித்தியடைந்தால் கிடைக்கும் சான்றிதழ் வேறு. முதலாவது, வகுப்புக்கு வந்ததற்கு அத்தாட்சி. இரண்டாவதைத்தான் வேலை கொடுப்பவர் சீ.சீ.என்.ஏ. என்று கணக்கெடுப்பார். பல பெற்றோர் முதலாவதற்குப் பணம் கட்டிவிட்டு இரண்டாவது தானாக வரும் என்று நம்பியிருக்கிறார்கள்.

அந்தப் பரீட்சைக்குக் கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி தனி. டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 90,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாகவும், அரசாங்கம் கொடுக்கும் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவுடன் 1,750 ரூபாவாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் பரீட்சைக் கட்டணம் மட்டும் 51 முழுப் பேருக்கு மேல். இரண்டு மாதம் மலை ஏறிக் கொழுந்து பறித்த காசு. பரீட்சை 120 நிமிடம். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தவறினால் மறுபடி முழுக் கட்டணம். சித்தியடைந்தாலும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் இவை எதுவும் இருக்கவில்லை.

சரி, சான்றிதழும் கையில் வந்துவிட்டது. சம்பளம் எவ்வளவு?

துறையில் ஒன்றரை இலட்சமும் அதற்கு மேலும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பல வருடம் வேலை செய்தவர்கள், அல்லது பட்டமும் அனுபவமும் சேர்ந்தவர்கள். புதிதாக வரும் பிள்ளையை எடுப்பது பெரும்பாலும் தொழில்நுட்ப உதவியாளர், பயிலுனர், இரவு நேரக் கண்காணிப்பாளர் போன்ற வேலைகளுக்கு. இருபது வருடம் பழகிய ஆளின் சம்பளத்தைக் காட்டி முதல் நாள் வருபவனுக்கு ஆசை காட்டுவது, பச்சைக் கொழுந்தைக் காட்டித் தூளுக்கு விலை பேசுவது போன்றது.

ஓர் உதாரணத்துக்கு, கொழும்பில் ஒரு கம்பனி மாதம் 55,000 ரூபா தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,400 ரூபா, பிடிப்பார்கள். கைக்கு வருவது 50,600. இனிச் செலவைப் பாருங்கள். மூன்று பேரோடு சேர்ந்து எடுத்த அறையில் தன் பங்கு 12,000. மூன்று வேளைச் சாப்பாடு நாளைக்கு 800 வீதம் மாதம் 24,000. பஸ் 5,000. போனுக்கும் இணையத்துக்கும் 2,000. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போக 3,000. மொத்தம் 46,000. மிச்சம் 4,600 ரூபா.

இவை நாம் உதாரணத்துக்குப் போட்ட தொகைகள். உங்கள் பிள்ளை போகும் இடத்து வாடகையையும் சாப்பாட்டு விலையையும் கேட்டறிந்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் கணக்கைப் போடாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மாதம் 4,600 மிச்சப்படும் பிள்ளையால் மாதம் 10,000 கடன் தவணையை அடைக்க முடியாது. அந்தத் தவணை மறுபடியும் அம்மாவின் கூடையிலிருந்துதான் போகும். 25 பேர் விழுந்தால் அந்த அம்மாவுக்கு 43,750 ரூபா வரும், அதுவும் பிடிப்புகளுக்கு முன். நகரத்துச் சம்பளம் கேட்கும்போது பெரிதாகத் தெரிந்தாலும், கைக்கு மிஞ்சுவதில் முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்படியானால் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். போக வேண்டிய காரணம் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கும் நேற்றுப் பேர் பதிந்தவருக்கும் நாட்சம்பளம் ஒன்றுதான். வலையமைப்புத் துறையில் அனுபவத்துக்கு விலை உண்டு. வேலையைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை இரண்டு வருடம் கழித்து வேறு கம்பனிக்கு விண்ணப்பிக்கும்போது கூடுதலாகக் கேட்கலாம். ஆகவே முதல் வேலையில் சம்பளத் தொகையோடு, அங்கே என்ன கற்கலாம், யார் கற்றுக் கொடுப்பார், வெறும் கேபிள் இழுக்க மட்டும் வைத்திருப்பார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்வதால், முதல் வருடம் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள் என்று நாம் சொல்வதாக யாரும் எடுக்கக் கூடாது. எமது மனதை உறுத்துவது அதுதான். சம்பளத்துக்காக வீதியில் இறங்கிய தாய் தகப்பனின் பிள்ளைகள், கோட்டும் டையும் கட்டியவர் முன்னால் உட்கார்ந்தால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "பழகுவதற்கு வா, பிறகு பார்க்கலாம்" என்றால் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன எமது பிள்ளைகள் எத்தனை பேர் நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் இல்லாமல் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்! குளிரூட்டிய அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அவன் தொழிலாளிதான். கடைக்குப் போனவனுக்கு நடந்தது இவனுக்கும் நடக்க விடக் கூடாது.

சட்டத்தில் இருப்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போகட்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும், அதைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. 55,000 சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டியது 6,600 ரூபாவும் 1,650 ரூபாவும். சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி, மிச்சத்தைப் பல பெயர்களில் கொடுப்பனவு என்று எழுதுவார்கள். சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது என்று அப்போதே கேட்க வேண்டும்.

அலுவலக வேலைக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வலையமைப்பு வேலையில் இரவில் இணைப்பு அறுந்தால் கூப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். அதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டா, இரவு வேலைக்குப் போக்குவரத்து உண்டா என்று கேட்பது பிள்ளையின் உரிமை. வேலை நிபந்தனைகள் எழுத்தில் வர வேண்டும். "இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்" என்ற நிபந்தனை அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் பிள்ளையின் கையில் இரண்டு தொகைகள் இருக்க வேண்டும். ஒன்று, மேலே போட்டதுபோல் வாழ்க்கைச் செலவுக் கணக்கு. அதற்குக் கீழே போனால் வீட்டிலிருந்து காசு அனுப்ப வேண்டி வரும். மற்றது, அந்த வேலைக்கு மற்ற இடங்களில் கொடுப்பது. வார இறுதிப் பத்திரிகைகளில் வரும் வேலை விளம்பரங்களில் பத்தையாவது வெட்டி வைத்துப் பாருங்கள். அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் எமது தோட்டத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். பயிற்சி நிலையத்தைக் கேட்காதீர்கள், அது பொருள் விற்பவர் சொல்லும் விலை. இரண்டு தொகையும் தெரிந்த பிள்ளை கூச்சமில்லாமல் பேசும்.

கடனில்லாமல் படிக்கவும் வழி இருக்கிறது. சிஸ்கோவின் பக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். ரவுட்டர், சுவிட்ச் எதுவும் வாங்காமல் கணினித் திரையிலேயே இணைத்துப் பழகலாம். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களில் கணினித் தொழில்நுட்பப் பயிற்சிகள் உண்டு. அங்கே பெறும் தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழிலிருந்து 5, 6 ஆகிய டிப்ளோமா மட்டங்களுக்கும், 7 என்ற பட்ட மட்டத்துக்கும் ஏற வழியிருக்கிறது. முதலில் அங்கே படித்து, ஒரு வேலையில் சேர்ந்து, தன் சம்பளத்தில் சேமித்து சீ.சீ.என்.ஏ. பரீட்சைக்குக் கட்டலாம். தனியார் நிலையத்துக்குத்தான் போவதென்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவு செய்யப்பட்டதா, கட்டணத்தில் சிஸ்கோ பரீட்சைக் கட்டணம் அடங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆங்கிலமும் சிங்களமும் பேசப் பழகுவதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதி. தொலைபேசியில் ஒருவர் தன் கணினிப் பிரச்சினையைச் சொல்லும்போது அது விளங்காத பிள்ளைக்கு எந்தச் சான்றிதழும் உதவாது.

சங்கத்தின் பக்கமும் குறை இருக்கிறது. நாட்சம்பளம் பற்றி நாம் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூடத் தோட்டத்தை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. பேர் பதிந்தவர் மட்டுமே எமது ஆள் என்று இருந்துவிட்டோம். இனி அப்படி இருக்கலாகாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வெளியே படித்து வேலை செய்யும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை எடுக்கட்டும். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது, அடுத்து போகவிருக்கும் பிள்ளைகளோடு அவர்களை உட்கார வைத்துப் பேச வைக்கட்டும். பரீட்சைக் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்து வாங்கும் சுழல் நிதி ஒன்றை மாவட்ட மட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதும் எமது கருத்து. இதை அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தலைவர்மாரும் தலைவிமாரும் பேச வேண்டும்.

அந்தத் தாய் நுண்கடன் எடுக்கவில்லை. கட்டிய காசைத் திருப்பித் தரும்படி நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். மகன் தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு விண்ணப்பித்திருக்கிறான். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தால், பணம் கட்டுமுன் எமது காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைக்கு நியமனக் கடிதம் வந்திருந்தால், கையெழுத்து வைக்குமுன் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.