பையனைத் திருத்தும் பட்டாளம்

கல்லூரிகள் திறக்கிற பருவத்தில், பிள்ளையை முதலாண்டு வகுப்பில் சேர்த்துவிட்டு, கையில் ரசீதும் முகத்தில் ஒருவித ஆயாசமுமாக வெளியே வருகிற தகப்பனார்களில் ஒருவராவது, வருஷந்தோறும் என்னிடம் ஒரே வாசகத்தைச் சொல்லத் தவறுவதில்லை. “என்.சி.சி.க்கும் பேர் கொடுத்திருக்கிறேன் ஸார், அங்கே போயாவது உருப்படுகிறானா பார்ப்போம்” என்பதுதான் அந்த வாசகம். அவர் அதைச் சொல்லுகிற சமயத்தில், பக்கத்தில் நிற்கும் பையன் தன் செருப்பு வாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

விடிந்து வெகுநேரமாகியும் எழுந்திராதவன், பெரியவர்கள் பேச்சுக்குச் செவிகொடாதவன், கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காதவன் ஆகிய சகலருக்கும் ராணுவப் பயிற்சியைக் கஷாயம்போல் புகட்டிவிட்டால், மூன்று வருஷத்தில் தேகமும் புத்தியும் ஒருங்கே நிமிர்ந்து, பையன் ஒழுக்கசீலனாக வீடு திரும்புவான் என்னும் இந்த நம்பிக்கை, படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. ஆண்டு விழா மேடைகளில் தேசத்தின் இளைஞர் அனைவருக்கும் இரண்டு வருஷம் கட்டாயப் பயிற்சி கொடுத்தால் நாடு சீர்பட்டுவிடும் என்று யாரேனும் ஒரு பிரமுகர் முழங்குவதும், சபையோர் கரகோஷம் செய்வதும் நாம் அடிக்கடி காண்கிற காட்சியே. இந்த நம்பிக்கை பிழையானது. பிழை என்ற அளவில் நில்லாமல், கல்லூரிப் பருவத்திலேயே அதிகாரிப் பொறுப்புக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்ள விரும்புகிற இளைஞனுக்கும், அந்தப் பொறுப்புக்கும் நாம் இழைக்கிற அவமதிப்பும் ஆகும் என்பது என் துணிபு.

இந்தக் கஷாயத்தை நம் தேசம் ஒருமுறை வயிறு நிறையக் குடித்தே பார்த்திருக்கிறது. பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் யோசனைப்படி 1948-ல் சட்டமியற்றித் தோற்றுவிக்கப்பட்ட என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படை, விரும்பியவர் சேரும் படையாகவே முதலில் இருந்தது. 1962-ல் சீன யுத்தம் வந்தது. தோல்வியின் வடு ஆறாத அரசாங்கம் 1963-ல் உடற்தகுதியுள்ள கல்லூரி மாணவர் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நான் கல்லூரியில் பயின்றது அந்தக் காலத்தில்தான். பனி விலகாத காலை வேளையில், கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டையும், பளபளவென்று தேய்த்த பித்தளைப் பக்கிளுமாக நாங்கள் மைதானத்தில் நின்றோம். நின்றவர்களைக் காட்டிலும், நிற்காமலே ஆஜர் கொடுத்தவர்கள் அதிகம். ஒருவன் மூன்று பேருக்குக் குரல் மாற்றி மாற்றி விடை சொல்லுவான். இன்னொருவன் தன் மாமா டாக்டர் என்னும் ஒரே தகுதியைக் கொண்டு வருஷம் முழுவதும் சுளுக்கிலேயே காலம் தள்ளினான். பரேடு முடிந்ததும் கொடுக்கிற இட்லிப் பொட்டலத்துக்கு மட்டும் ஒருவர் தவறாமல் கூடிவிடுவோம். பதிவேட்டில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

எங்கள் மாகாணத்தில் இதற்கு மேலும் ஒரு சங்கடம் இருந்தது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து வீதிக்கு வந்த அதே மாணவர்கள்தாம், மைதானத்தில் ‘சாவ்தான்’ என்றால் விறைக்கவும் ‘விஷ்ராம்’ என்றால் தளரவும் ‘தேஜ் சல்’ என்றால் நடக்கவும் கடமைப்பட்டிருந்தார்கள். காலின் அசைவுக்கும் மனத்தின் அசைவுக்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்ட ஒருவராலும் இயலாது. 1968 ஜனவரியில் அண்ணா அவர்களின் அரசு சட்டசபையில் கொண்டுவந்த மொழித் தீர்மானத்தில், மும்மொழித் திட்டத்தை நிராகரித்ததோடு, இந்த இந்திக் கட்டளைச் சொற்களை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு பகுதியாயிருந்தது. அவ்வாண்டிலேயே தேசமெங்கும் கட்டாயம் நீங்கி, படை மீண்டும் விரும்புவோர்க்கு உரியதாயிற்று. மறு வருஷம் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது.

மாணவர் கிளர்ச்சியை ஒழுங்கீனம் என்று நான் ஒருநாளும் சொன்னவன் அல்லன். ஆனால், பரேடினால் இளைஞர் அடங்கி ஒடுங்குவர் என்று நம்புகிறவர்கள் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்களுடைய அளவுகோலையே நான் எடுத்துக்கொள்ளுகிறேன். தேசம் முழுவதும் மாணவரைக் கட்டாயமாக அணிவகுக்கச் செய்த அந்த வருஷங்களே, மாணவர் கொந்தளிப்பு மிகுந்த வருஷங்களாகவும் இருந்தன. அவர்கள் மருந்து அவர்கள் சொன்ன வியாதியையே தீர்க்கவில்லை.

இனி ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். மாணவர் அனைவரையும் மைதானத்துக்கு இழுத்த அதே 1963-ல்தான், சென்னைப் பறங்கிமலையில் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றும் தொடங்கப்பட்டது. முன்னது ஐந்தாண்டில் கைவிடப்பட்டது. பின்னது அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்னும் பெயரோடு இன்றளவும் நடந்துவருகிறது, 1992 முதல் பெண்களையும் சேர்த்துக்கொண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் யாது? முன்னது எல்லோரையும் பிடித்து வைத்தது; பின்னது தேர்ந்தெடுத்தது. கல்லூரி மைதானத்து வரிசையிலிருந்து பறங்கிமலைக்குப் போகிற வழியில் நிற்கும் அந்தத் தேர்வைச் சற்றே நின்று பார்ப்பவர்களுக்கு, கஷாய நம்பிக்கை தானாகவே கழன்று விழும்.

சி சர்ட்டிபிகேட் என்று மாணவர் சொல்லுகிற மூன்றாமாண்டுச் சான்றிதழைக் குறைந்தது பி தரத்தில் பெற்று, பட்டப்படிப்பில் ஐம்பது சதவிகித மதிப்பெண்ணும் எடுத்த 19 முதல் 25 வயது வரையுள்ள இளைஞன், எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வுக் குழுவின் முன்னிலைக்குப் போகலாம். யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வை எழுதி, டேராடூன் ராணுவக் கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்களிலும், ஒரு தொகுதியின் நூறு இடங்களில் பதின்மூன்று இச்சான்றிதழ் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. படிப்பு வராதவனுக்குப் பட்டாளம் என்று சொல்லுகிறவர்கள் அந்த ஐம்பது சதவிகிதத்தை மனத்தில் வாங்கிக்கொள்வது நலம். ஆயினும் சான்றிதழின் மகிமை வாசற்படியோடு முடிந்துபோகிறது. உள்ளே போனதும் மார்பில் ஓர் எண்ணை மாட்டிவிடுகிறார்கள். அதன்பின் அவன் இன்ன கல்லூரியான், இன்ன படையான் என்பதெல்லாம் இல்லை, வெறும் எண்தான்.

முதல் நாளிலேயே ஒரு சல்லடை. அதில் தங்கியவர்களுக்கு மேலும் நான்கு நாள். பதினைந்து விநாடிக்கு ஒரு சொல்லாக அறுபது சொற்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் மனத்தில் தோன்றியதை எழுதச் சொல்லுகிறார்கள். அரைமணி நேரத்தில் அறுபது இக்கட்டான சந்தர்ப்பங்களைக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். பிறகு மைதானம். ஆனால் அது நம் தகப்பனார் நினைக்கிற மைதானம் அன்று. ஒரு பலகை, ஒரு கழி, ஒரு கயிறு, சுமந்து செல்ல ஒரு பாரம் ஆகியவற்றைக் கையில் கொடுத்து, தரையில் கால் படக்கூடாது, இன்ன வர்ணம் பூசிய இடத்தைத் தொடக்கூடாது என்று விதித்துவிட்டு, அந்தத் தடைகளை எல்லோருமாகச் சேர்ந்து கடக்கவேண்டும் என்று சொல்லி அதிகாரி விலகி நின்றுகொள்கிறார். தலைவன் இன்னான் என்று அவர் சொல்லுவதில்லை. கட்டளைச் சொல் ஒன்றும் கிடையாது. விறைத்து நிற்கத் தெரிந்தவனுக்கு அங்கே வேலையே இல்லை. உரக்கக் கத்துகிறவன் தலைவன் ஆகிவிடுவதும் இல்லை. கயிற்றை எங்கே கட்டலாம் என்று யோசித்துச் சொல்லுகிறவனையும், வேறொருவன் சொன்ன யோசனை தன்னுடையதைவிட நல்லது என்று கண்டு உடனே அதற்குத் தோள் கொடுக்கிறவனையும், பயந்து பின்தங்கிய கடைசி ஆளைக் கைநீட்டி இழுத்துக்கொள்கிறவனையும் அவர் குறித்துக்கொள்ளுகிறார். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையைச் செய்துதரும்படி எந்த ராணுவத்தை நம் தகப்பனார் வேண்டுகிறாரோ, அந்த ராணுவம் தன் அதிகாரியிடம் முதலில் தேடுவது, சொல்ல ஆளில்லாத இடத்தில் தானாகச் செய்கிறவனை.

இங்கும் கஷாய வியாபாரிகள் கடை விரித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சில வாரத்தில் ஆளுமையை ஊட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களில், அறுபது சொல்லுக்கும் அறுபது வாக்கியத்தை மனப்பாடம் செய்விக்கிறார்கள். ஒப்புவிக்கிற கிளியை இனம் காண்பது, அதே வேலையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாயிராது என்றே நினைக்கிறேன்.

“ஒற்றுமையும் ஒழுக்கமும் என்பதுதானே அப்படையின் குறிக்கோள் வாசகமே? ஒழுக்கம் வராது என்று நீர் எப்படிச் சொல்லலாம்?” என்று ஒருவர் என்னை மடக்கக்கூடும். வராது என்று நான் சொல்லவில்லை. புகட்ட வராது என்கிறேன். ஒழுகுதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆறு ஒழுகுகிறது என்கிறோம். யாரும் அதைப் பின்னாலிருந்து தள்ளுவதில்லை. அதிகாலையில் எழுவதும், பூட்ஸைத் துடைப்பதும், வரிசை பிசகாமல் நடப்பதும் நல்ல பழக்கங்கள்தாம். மூன்று வருஷம் அதைச் செய்தவனுக்கு நடையில் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரேடு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அவனே பத்து மணி வரை தூங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள் கேம்பில், பக்கத்துக் கூடாரத்துப் பையனுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும், தன் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு இரவெல்லாம் குளிரில் முடங்கிக் கிடந்த ஒருவனையும் எனக்குத் தெரியும். அவனுக்கு அதைக் கட்டளையிட்டவர் எவரும் இல்லை. அவன் பரேடில் கால் மாற்றி வைப்பதில் பேர்போனவன்.

“நாலு பேரை அதட்டிப் பிழைத்துக்கொள்வான்” என்று அதிகாரிப் பதவிக்கு வியாக்கியானம் சொல்லுகிறவர்களும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. டேராடூன் கழகம் 1932-ல் தொடங்கியபோது, தளபதி செட்வுட் அங்கே பயிலவந்தவர்களுக்குச் சொன்னது இதற்கு நேர்மாறு: முதலில் தேசம், அடுத்தபடி தன் கீழுள்ள வீரர்கள், தன் சௌகரியம் கடைசியில். அன்னியர் ஆண்ட காலத்தில் சொல்லப்பட்டதாயினும் நம் ராணுவம் அந்தப் போதனையை இன்றும் வைத்துக் காப்பாற்றுகிறது. ‘அமரன்’ படத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்த பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நான் நினைவூட்டுவதும் இதுதான். 2014 ஏப்ரலில் சோபியானில் உயிர்நீத்து அசோக சக்கரம் பெற்ற, அந்தப் படத்தின் கதாநாயகரான மேஜர் முகுந்த் வரதராஜன், பறங்கிமலைக் கழகத்தில் பயின்றவர். அதற்கு முன்பு வணிகவியலும் இதழியலும் படித்தவர். வேறு வழியில்லாமல் அவர் அங்கே போகவில்லை, திருத்தப்படுவதற்காகவும் போகவில்லை. வேறு உத்தியோகத்துக்கான படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

நம்பிக்கை பிழையாயிருந்தால் போகட்டும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இரண்டு பக்கத்தும் உண்டு. ஒழுக்கத்துக்காக அனுப்பப்பட்ட பையன் பயிற்சியை ஒரு தண்டனையாகவே அனுபவிக்கிறான். சான்றிதழுக்கு வேண்டிய வருகைக்கு மேல் ஒரு நாளும் தரமாட்டான். கல்லூரி நிர்வாகமும், சீருடை போட்ட பிள்ளைகளை மந்திரி வருகிற வழியில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்துவதற்கும், விழாப் பந்தலில் நாற்காலிக்குக் காவலிருப்பதற்கும் வாய்த்த அலங்காரப் பொருளாகவே அவர்களை நடத்தப் பழகிவிட்டது. இன்னொரு பக்கத்தில், ஒரு கல்லூரிப் பிரிவில் இருக்கிற இடங்களோ அளவானவை. சில வருஷங்களுக்கு முன்பு, லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பிலிருந்தே இதற்கென்று தினமும் ஓடிப் பழகியவள், இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதைக் கண்ணால் கண்டேன். அந்த வருஷம் இடத்தை நிறைத்தவர்களில் பாதிப் பேர், அடுத்த தீபாவளிக்குள் மைதானத்தின் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

சேர்ந்தால் யுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சுகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: மாணவர் படையில் சேர்ந்தவருக்குப் போர்ச்சேவை செய்யும் கடப்பாடு எதுவும் கிடையாது என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. ஆகையால் பயந்து தடுக்கவும் வேண்டாம். திருந்துவான் என்று தள்ளவும் வேண்டாம்.

அடுத்த ஆனியில் படிவத்தைக் கையில் வாங்கும் தகப்பனாரே, பேனாவைத் திறப்பதற்கு முன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால், படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் ஜன்னலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால், அதற்காகவே ஒரு பெண் நின்றுகொண்டிருக்கக்கூடும்.