இரண்டு கினிக்கு ஜெயில், நூறு கினிக்கு சிகிச்சை

'வேரா டிரேக்' பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. "கருக்கலைப்புக்கு வக்காலத்து வாங்குற படம்" என்று ஒரு கட்சி. "பாவம், நல்ல மனசுள்ள அம்மா, தெரியாம மாட்டிக்கிச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இன்னொரு கட்சி. இரண்டுமே படத்தில் பாதியைப் பார்க்காமல் விட்ட கட்சிகள்தான்.

மைக் லீ இயக்கி 2004-ல் வந்த படம். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கமும், வேராவாக வாழ்ந்த இமெல்டா ஸ்டான்டனுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. கதை நடப்பது 1950-ல், லண்டனில். போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் ரேஷன் தீரவில்லை. பணக்கார வீடுகளில் வேலை செய்து பிழைக்கும் வேரா, தன் குடும்பத்துக்கே தெரியாமல், வேண்டாத கர்ப்பத்தோடு தவிக்கும் ஏழைப் பெண்களுக்கு அதைக் கலைத்துவிடுகிறார். கையில் இருப்பது சோப்புத் தண்ணீரும் ஒரு ரப்பர் குழாயும். பைசா வாங்குவதில்லை. ஆள் பிடித்துத் தரும் லில்லிதான் வேராவுக்குத் தெரியாமல் ஆளுக்கு இரண்டு கினி கறந்துகொள்கிறாள். ஒரு கினி என்பது 21 ஷில்லிங்.

இதே படத்தில் சூசன் என்றொரு பெண். வேரா வேலை செய்யும் வீட்டு மகள். பழகிய இளைஞனே பலாத்காரம் செய்ததில் கர்ப்பமாகிறாள். அவள் போவது ஒரு டாக்டரிடம். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார். அந்த மருத்துவர், எந்தப் பதில் வந்தால் காரியம் நடக்குமோ அந்தப் பதில் வரும்படியே கேள்வி கேட்கிறார். பிறகு நர்சிங் ஹோம், நர்ஸ். செலவு நூறு கினி. போலீஸ் இல்லை, கேஸ் இல்லை.

ஐம்பது மடங்கு விலை வித்தியாசம். படத்தின் வாதமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது!

அன்றைய சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று சிலர் ஜல்லியடிப்பார்கள். ஏட்டில் ஒன்றுதான். 1861-ம் வருடச் சட்டப்படி கருக்கலைப்புக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆனால் 1938-ல், பலாத்காரத்துக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்பு செய்த டாக்டர் அலெக் போர்ன் விடுதலை ஆனார். தாயின் உடலோ மனமோ சிதைந்துபோகும் என்று டாக்டர் நேர்மையாக நம்பினால் குற்றமில்லை என்று ஆனது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த நம்பிக்கையைச் சொல்ல டாக்டர் வேண்டும், டாக்டருக்கு ஃபீஸ் வேண்டும். சூசனுக்குக் கிடைத்தது நியாயம்தான். அதே கொடுமை ஒரு ஃபேக்டரிப் பெண்ணுக்கு நடந்திருந்தால் அவளுக்கு வாய்த்திருப்பது சோப்புத் தண்ணீர்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதமும் உண்டு. அந்தக் காலத்தில் நர்ஸாக இருந்த ஜெனிஃபர் வொர்த், இந்த முறை உயிரைக் குடிப்பது, படம் அதைச் சாதுவாகக் காட்டிவிட்டது என்று கண்டித்தார். அனுபவத்திலிருந்து வந்த கண்டனம், தட்டிக்கழிக்க முடியாது. பமீலா என்ற பெண் சாவின் விளிம்புவரை போகும் காட்சி இல்லாவிட்டால் படம் பொய்யாகியிருக்கும். ஆனால் ஆபத்து அவ்வளவு பெரியது என்றால், அது தெரிந்தும் பெண்கள் ஏன் அந்தக் கதவைத் தட்டினார்கள்? ஏற்கெனவே ஏழு பிள்ளை பெற்றவளுக்கு எட்டாவது பிள்ளைக்கான சோற்றை எந்தச் சட்டமும் போடவில்லை.

ஒழுக்கத்தில் சமரசம் செய்துகொண்டவர் யார் என்று கேட்டால் எல்லா விரலும் வேராவை நோக்கியே நீள்கிறது. பதிலைச் சொல்லிக்கொடுத்த மருத்துவர்? இரண்டு கினியை அமுக்கிய லில்லி? ஒரு காசும் பார்க்காத வேரா கூண்டில் நிற்கிறார். இரண்டரை வருட ஜெயில்.

1967-ல் சட்டம் மாறியது. அப்போதும் வட அயர்லாந்துக்கு அது பொருந்தவில்லை. அங்கே 2019-ல்தான் தடை நீங்கியது. அதுவரை அரை நூற்றாண்டாக, டிக்கெட்டுக்குக் காசு இருந்தவர்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனார்கள். காசு இல்லாதவர்கள் ஊரிலேயே ஒரு வழி பார்த்தார்கள், அல்லது பெற்றார்கள்.

தடை போட்டால் கருக்கலைப்பு நிற்கும் என்பவர்கள் இந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கட்டும். இந்த முறை கையில் ஒரு கால்குலேட்டரோடு.