பதமறிந்து இறக்குவோம்



கார்த்திகைத் திங்கள் பிறந்துவிட்டால் திருவண்ணாமலை வீதிகளில் வெல்லப் பாகின் மணம் கமழத் தொடங்கும். மலையுச்சியில் தீபம் ஏற்றும் நாளன்று நெற்பொரியையும் அவற்பொரியையும் பாகிலிட்டு உருண்டை பிடிப்பது இவ்வூர் இல்லங்களின் வழக்கம். எங்கள் அண்டை வீட்டார் அன்று மாலை ஒரு தட்டுப் பொரி உருண்டை கொடுத்தனுப்பத் தவறியதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவன்று நாங்கள் கல்கலும் முறுக்கும் அனுப்புவோம். நெடுங்காலமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கல் இது.

ஆயினும், சில ஆண்டுகளாக எங்கள் உள்ளத்தில் ஒரு குறை இருந்தது. எண்பதைக் கடந்த எங்கள் பாட்டியாரால் பொரி உருண்டையைக் கடிக்க இயலவில்லை. கல்கலையும் கடிக்க இயலவில்லை. தம் பங்கைப் பிள்ளைகளின் கையில் வைத்துவிட்டு, அவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்டை வீட்டுப் பெரியம்மாவின் நிலையும் அதுவே. பண்டிகைப் பலகாரம் வீட்டிலுள்ள அனைவருக்கும் உரியதாயிருக்க, மூத்தவர்கள் மட்டும் வெறுங்கையுடன் அமர்ந்திருக்கலாமா?

இந்த எண்ணத்தோடு இருந்தபோதுதான் ஒரு புதுப் பண்டம் கண்ணில் பட்டது. ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலைப் பகுதியில் அயல்நாட்டார் பலர் வந்து தங்குவர். அவர்கள் விரும்பும் தின்பண்டங்களை விற்கும் கடையொன்றில், ஓட்ஸும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து வாட்டிய சதுரத் துண்டுகளைக் கண்டோம். ஒன்றை வாங்கிச் சுவைத்தோம். அது பிஸ்கட்டைப் போல் நொறுங்கவில்லை. கடலை மிட்டாயைப் போல் பல்லைச் சோதிக்கவுமில்லை. மெத்தென்று மெல்ல வந்தது. பாட்டியாருக்கு ஏற்ற பண்டம் இதுவே என எண்ணி, வீட்டிலேயே செய்ய முற்பட்டோம்.

முதல் முயற்சி படுதோல்வி! நன்றாகச் சிவந்து, தொட்டால் கெட்டியாயிருக்கும்வரை ஓவனிலேயே வைத்திருந்தோம். ஆறியபின் கத்தி இறங்க மறுத்தது. பாட்டியார் ஒரு துண்டைத் தேநீரில் நெடுநேரம் ஊறவைத்தார். பின்னர்ப் புன்னகையுடன், "பாகு முற்றிப்போனால் பொரி உருண்டையும் இப்படித்தான் ஆகும், அம்மா. பதம் வருவதற்குச் சற்று முன்னே இறக்கவேண்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் முழு இரகசியமும் அடங்கியிருந்தது. வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கையில் மெத்தென உருண்டால் ஒரு பதம். 'டங்' என்று ஓசை எழுந்தால் வேறொரு பதம். பாகில் எஞ்சியிருக்கும் நீரின் அளவே இந்த வேற்றுமைக்குக் காரணம். ஓவனிலும் இதே நியதிதான். துண்டு மென்மையாயிருக்க வேண்டுமெனில் அதனுள் ஈரம் எஞ்சியிருக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகும் சூடான தட்டு அதைச் சற்று நேரம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, முழுதும் வெந்ததாகத் தோன்றும்வரை காத்திருப்பவர் காலம் கடந்தவரே.

இனிச் செய்முறையைக் கூறுவோம்.

தேவையானவை: ஓட்ஸ் 120 கிராம், கோதுமை மாவு 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 130 கிராம், வெண்ணெய் 100 கிராம், உலர்ந்த திராட்சை 100 கிராம், முட்டை 1, சமையல் சோடா கால் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை.

முதலில் திராட்சையைக் கழுவி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். இதைத் தவிர்க்கலாகாது. ஊறாத திராட்சை மாவிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், துண்டு வறண்டுவிடும்.

வெண்ணெயை உருக்கிச் சலித்த நாட்டுச் சர்க்கரையுடன் கலந்து ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டிற்கு வந்தபின் முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக அடியுங்கள். வெள்ளைச் சர்க்கரையை விட நாட்டுச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. ஆதலால் மென்மைக்கு அதுவே துணை. பின்னர் மாவு, சோடா, உப்பு, பட்டைத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்துப் போட்டு, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். இறுதியில் ஓட்ஸையும் திராட்சையையும் சேருங்கள். ஓட்ஸ் தட்டையான முழு அவல் வடிவில் இருத்தல் நலம். தூளாகிப்போன ஓட்ஸில் மெல்லும் சுவை இராது.

எட்டு அங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி, கலவையைச் சமமாகப் பரப்பி அழுத்துங்கள். முன்னரே 175 டிகிரி செல்சியஸ் சூடாக்கிய ஓவனில் 20 முதல் 22 நிமிடம் வைத்தால் போதும். ஓரங்கள் சிவந்து, நடுப்பகுதி இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தட்டிலேயே முழுதும் ஆறிய பின்னர்ப் பதினாறு துண்டுகளாக வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும்.

ஓவன் இல்லையே எனக் கவலையுற வேண்டாம். கனமான கடாயில் ஓர் அங்குல உயரத்திற்கு உப்பையோ மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். கலவைத் தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் விடுங்கள். அரை மணி நேரத்திற்கு மேல் ஆகலாம்; இருபத்தைந்தாம் நிமிடத்திலிருந்தே பார்த்துவர வேண்டும். பிரஷர் குக்கரில் செய்வோர் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

அண்டை வீட்டார் சைவ உணவினர் ஆதலால், முட்டை சேர்த்ததை அவர்களுக்கு அனுப்ப எங்கள் மனம் ஒப்பவில்லை. முட்டைக்கு மாற்றாக, நன்கு கனிந்த சிறு வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்த்துப் பார்த்தோம். பழவாசனையுடன் இன்னும் சற்று மென்மையாகவே வந்தது. நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளையும் சாமையை மாவாக்கி, கோதுமை மாவில் பாதியளவுக்கு மாற்றிச் சேர்ப்பதும் நன்று. அதற்கு மேல் மாற்றினால் துண்டுகள் உதிரும். கோதுமையிலுள்ள பசை சாமையில் இல்லை.

முடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. ஓட்ஸ் என்றதும் அதை மருந்தென்றே எண்ணி, நீரிழிவுள்ளோரும் தாராளமாக உண்ணலாமெனச் சிலர் நம்புகின்றனர். ஓட்ஸிலுள்ள ஒருவகைக் கரையும் நார்ச்சத்து இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கத் துணைபுரியும் என்பது உண்மையே. ஓட்ஸ் உணவுகளின் உறையில் இதனைக் குறிப்பிட அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 1997-இல் இசைவளித்தது. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு அந்த நார்ச்சத்து 3 கிராம் தேவை. அதைப் பெற ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். நம் துண்டுகளில் பத்தை உண்டால்தான் அத்தனை ஓட்ஸ் சேரும். கூடவே எண்பது கிராம் சர்க்கரையும் அறுபது கிராம் வெண்ணெயும் அல்லவா உள்ளே போகும்! நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே. ஆகவே இது மருந்தன்று, பலகாரம். ஒரு துண்டோடு நிறுத்துவதே அறிவுடைமை. கொழுப்பைக் குறைக்க விரும்புவோர் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கட்டும்.

காற்றுப் புகாத டப்பாவில் இட்டால் இரண்டு மூன்று நாள்கள் மென்மை குன்றாது. நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் வெளியே வைத்தல் தகாது.

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று வழக்கம்போல் பொரி உருண்டை வந்தது. அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பாமல், வாழைப்பழம் சேர்த்த துண்டுகளை அடுக்கி அனுப்பினோம். சற்று நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: "இதை எனக்கென்றே செய்தீர்களா?" எங்கள் பாட்டியார் உடனே விடை கூறவில்லை, அவர் வாயிலும் அப்போது ஒரு துண்டு இருந்தது.