வரைபு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்

 

பாடசாலைக் கூட்டமொன்றில் மாணவர் வரவைப் பற்றி ஒரு வரைபைக் காட்டினோம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மாதத்துக்கு ஒரு தூண். மார்ச் உயரமாக நின்றது. ஏப்ரல் தரையோடு கிடந்தது. "தோட்டத்துப் பிள்ளைகள் சித்திரை வந்தால் பாடசாலைப் பக்கமே வருவதில்லை" என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை.

அப்போது கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "டீச்சர், ஏப்ரல் மாசம் இஸ்கூல் எத்தனை நாள் தொறந்திருந்திச்சு?"

புத்தாண்டு விடுமுறைக்கு முன் சில நாட்கள்தான் பாடசாலை நடந்திருந்தது. வரைபோ ஏப்ரல் 30 வரை முழு மாதம் நடந்ததுபோல் காட்டியது. பிள்ளைகள் மேல் பழி விழுந்தது. பிழையோ எங்களுடையது.

எப்படி நடந்தது? வரவை அலுவலகக் கணினியில் அக்சஸ் தரவுத்தளத்தில்தான் பதிகிறோம். வரைபுக்கான வினவலுக்குள் தொடக்கத் திகதியையும் முடிவுத் திகதியையும் எப்போதோ எழுதி வைத்துவிட்டோம். திரையில் தூண்கள் மட்டுமே தெரியும். திகதி உள்ளே ஒளிந்திருக்கும்.

இப்போது மாற்றிவிட்டோம். படிவத்தில் "முதல்", "வரை" என்று இரண்டு பெட்டிகள். வினவல் அந்தப் பெட்டிகளிலிருந்து திகதியை எடுக்கும். பொத்தானை அழுத்தினால் வரைபு புதிதாக வரும். அதன் தலைப்பிலேயே திகதியும், பாடசாலை நடந்த நாட்களின் எண்ணிக்கையும் தெரியும். வரவு மொத்தமாக அல்ல, நடந்த நாட்களுக்கு நூற்றுவீதமாக வரும்.

இதைச் செய்யப்போகும் மற்ற ஆசிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3. வினவலின் எஸ்கியூஎல் வரியில் # குறிகளுக்கு நடுவே அப்படி எழுதினால், அக்சஸ் அதை மார்ச் 4 என்று எடுக்கும். 25/04/2025 என்றால் சரியாக எடுத்துக்கொள்ளும். அதனால் பிழை சில திகதிகளில் மட்டும் வந்து கண்ணுக்குத் தப்பும். 2025-04-03 என்று ஆண்டை முதலில் எழுதினால் குழப்பமில்லை. அடுத்தது, திகதியோடு நேரமும் பதிவாகியிருந்தால், கடைசி நாளின் காலைப் பதிவுகள் விடுபடும். "முடிவுத் திகதிக்கு அடுத்த நாளுக்கு முன்" என்று கேட்க வேண்டும்.

"எல்லோரும் திகதியை மாற்றினால் அவரவருக்கு வசதியானதைக் காட்டுவார்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் திகதியைப் பூட்டி வைத்தால் ஒருவருக்கு மட்டுமே அந்த வசதி. திறந்து வைத்தால் மற்றவர்களும் மாற்றிப் பார்த்து, "ஏன் அங்கே தொடங்கினீர்கள்?" என்று கேட்கலாம்.

எல்லாப் பாடசாலைக்கும் ஒரே திகதி பொருந்தவும் பொருந்தாது. நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னுக்கு வரும். 2022இல் ஏப்ரல் தொடக்கத்தில் வந்த நோன்பு, 2025இல் மார்ச் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நோன்புக்கு விடுமுறை விடும் முஸ்லிம் பாடசாலையில் ஒரு மார்ச்சையும் இன்னொரு மார்ச்சையும் அப்படியே ஒப்பிட்டால், ஒன்றில் பாடம் நடந்திருக்கும், மற்றதில் கதவு மூடியிருக்கும்.

நம்மைச் சுற்றியுள்ள தேயிலையையே பாருங்கள். 2013இல் நாட்டின் உற்பத்தி சுமார் 340 மில்லியன் கிலோ. 2021இல் இரசாயன உரத் தடை வந்தது. 2022இல் உற்பத்தி சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. 2024இல் சுமார் 262 மில்லியன். வரைபை 2022இல் தொடங்கினால் தேயிலை ஏறுகிறது. 2013இல் தொடங்கினால் இறங்கியிருக்கிறது. இரண்டிலும் எண்கள் உண்மை. சம்பளப் பேச்சில் எந்த வரைபு மேசைக்கு வருகிறது என்பதில் நம் வீட்டு அடுப்பும் அடங்கியிருக்கிறது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பாடசாலையோ, தோட்ட நிர்வாகமோ, தொழிற்சங்கமோ, யார் வரைபு காட்டினாலும் "எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை?" என்று கேளுங்கள். அதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. அன்று எங்களுக்கு ஒரு தாய் கற்றுத் தந்தார்.

அடுத்த கூட்டத்தில் கணினியைத் திறந்தே வைப்போம். நீங்களே திகதியை மாற்றிப் பாருங்கள். பிழை தெரிந்தால் சபையிலேயே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், திருத்திக்கொள்வோம்.